தை மாதத்தில் மருந்து ஒட்டும்

தை மாதம் நான்காம் தேதி. இன்று எனக்கு எழுபத்தெட்டு வயதும் ஐந்து மாதமும் ஆகின்றன. கடிதத்தை இப்படித் தொடங்குவது என் வழக்கமில்லை. என் வயதே எனக்கு நினைவில் இல்லை என்று நீ காவல் நிலையத்தில் போய்ச் சொல்லியிருப்பதால், முதலில் அதை எழுதி வைத்துவிட்டு மற்றவற்றுக்கு வருகிறேன்.

இதை உனக்கு மட்டும் தபாலில் அனுப்பியிருக்கலாம். கோயம்புத்தூரில் உன் கைக்கு வந்து சேர்ந்ததும் படித்துவிட்டு, அம்மாவுக்குக் கோபம், கொஞ்ச நாளில் தணிந்துவிடும் என்று உன் மனைவியிடம் சொல்லி மடித்து வைத்திருப்பாய். ஆனால் என்னைப் பற்றி நீ சொன்னதை என்னிடம் சொல்லவில்லை, பிறரிடம் சொன்னாய். ஆகவே நானும் பிறர் படிக்கும்படி எழுதுகிறேன். உன் பெயரையும் நம் தோட்டத்தின் பெயரையும் விட்டுவிட்டேன். பாலக்காட்டுப் பெருமாட்டிப் பக்கத்தில் துப்பாக்கி உரிமம் வைத்திருக்கும் கிழவி நான் ஒருத்திதான் என்பதால் அந்த மறைப்பு உனக்குப் பெரிதாக உதவாது.

பொங்கலுக்கு முந்தின வாரம் ஒரு போலீஸ்காரர் வந்தார். உரிமத்தைப் புதுப்பிக்க நான் விண்ணப்பித்திருந்தேன். வீட்டுக்கு வந்து விசாரிப்பது வழக்கம்தான். இளைஞர், மரியாதை தெரிந்தவர். செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே வந்தார். காப்பி வேண்டாம் என்றவர் பிறகு குடித்தார். துப்பாக்கியைப் பூட்டி வைக்கும் அலமாரியைப் பார்த்தார், சாவி எங்கே இருக்கிறது என்று கேட்டார். அதன்பின் இன்று என்ன கிழமை என்று கேட்டார். சொன்னேன். இது எந்த மாதம் என்றார். மலையாள மாதம் வேண்டுமா, தமிழ் மாதம் வேண்டுமா என்றேன். அவர் சங்கடத்தோடு சிரித்தார். இந்தக் கேள்விகளெல்லாம் எங்கிருந்து வருகின்றன என்று நான் கேட்டதற்கு, தரையைப் பார்த்துக்கொண்டு, "டீச்சரே, ஒண்ணும் தோணருது. டீச்சரோட மோன் தன்னெயாணு வந்து பறஞ்ஞது" என்றார். தப்பாக நினைக்கக் கூடாதாம், என் மகனே வந்து சொன்னானாம்.

மார்கழி விடுமுறைக்குப் பிள்ளைகளோடு வந்தாயே, அப்போது. இரண்டாம் நாள் காலையில், "சித்தூர் வரைக்கும் போயிட்டு வந்துர்றனுங்கம்மா" என்று காரை எடுத்தாய். காருக்கு டீசல் போடப் போகிறாய் என்று நினைத்தேன். மத்தியானம் திரும்பி வந்து கைகால் கழுவிக்கொண்டு உட்கார்ந்தாய். அன்று ஒப்புட்டு செய்திருந்தேன். இன்னும் கொஞ்சம் நெய் ஊற்றச் சொன்னாய், ஊற்றினேன். உன் அப்பாவுக்கு இருந்த அதே பழக்கம், ஒப்புட்டை நெய்யில் நனைத்துச் சாப்பிடுவது என்று பேரனிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். நீ இலையை வழித்துச் சாப்பிட்டாய். எனக்கு மூளை தளர்ந்துவிட்டது என்று சொல்லிவிட்டு வந்த வாயால் சாப்பிட்டாய் என்பது அன்று எனக்குத் தெரியாது. நீ போனதைக் காட்டிலும், போய்விட்டு வந்து அந்த இலையில் உட்கார்ந்ததுதான் எனக்கு ஆறவில்லை.

நீ சொன்னவற்றைப் போலீஸ்காரர் ஒவ்வொன்றாகச் சொன்னார். மின்சார இணைப்பே இல்லாத பின்னறையில் அம்மா ஒரு டப்பாவுக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் கம்பி இழுத்துக் கட்டியிருக்கிறாள்; கேட்டால் மின்சாரம் இறங்குவதற்கு என்கிறாள்; எங்கிருந்து வரும் மின்சாரம் என்றால் காற்றில் வருகிறது என்கிறாள். காலியான டப்பாவின் முன்னால் அசையாமல் உட்கார்ந்து வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். நிரப்பி மூடிய தோட்டாக்களைத் திரும்பப் பிரித்துக் கொட்டுகிறாள், மருந்து போட்டோமா இல்லையா என்பதே நினைவில்லை. இவ்வளவும் நீ கண்ணால் கண்டவை. ஒன்றும் பொய்யில்லை. நீ பொய் சொல்லத் துணியாதவன் என்பது எனக்குத் தெரியும். பாதியைப் பார்த்துவிட்டு மீதியை நீயே இட்டு நிரப்பிக்கொள்வாய். சிறு வயதிலிருந்தே உன் கணக்கு அப்படித்தான்.

மீதியை இப்போது கேள். அந்த டப்பாவுக்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர் உண்டு. உன் அப்பா அதை உழக்கு என்றுதான் சொல்வார். மேலே கண்ணாடிபோல் தெரியும் பிளாஸ்டிக் குடுவை. அதில் வெடிமருந்தைக் கொட்டிப் பக்கத்துப் பிடியைத் திருப்பினால், ஒரு தோட்டாவுக்கு வேண்டிய அளவு கீழ்க்குழாய் வழியாக இறங்கும். மருந்து கசகசாவைப் போலப் பொடியானது. ஆடியிலும் ஆவணியிலும் அது தண்ணீராய் இறங்கும். மார்கழி பிறந்து, கணவாய் வழியாகக் கிழக்குக் காற்று வரத் தொடங்கினால் நிலைமை வேறு. உதடு வெடிக்கும், வேட்டி மொடமொடக்கும், தலை சீவினால் சீப்போடு முடி எழுந்து நிற்கும். அந்த வறட்சியில் பிளாஸ்டிக்கில் நிலைமின்சாரம் ஏறிக்கொள்ளும். மருந்துப் பொடி குடுவையின் சுவரிலும் குழாயின் உள்ளேயும் எறும்பு வரிசைபோல ஒட்டிக்கொண்டு நிற்கும். ஒரு தோட்டாவில் குறையும். ஒட்டி நின்றது சேர்ந்து விழும்போது வேறொரு தோட்டாவில் கூடும். இரண்டுமே ஆபத்து. அதற்குத்தான் உழக்கின் இரும்புக் காலிலிருந்து ஆழ்துளைக் கிணற்றின் இரும்புக் குழாய்வரை செம்புக் கம்பி. குடுவையைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, துடைக்காமல் தானாக உலரவிட வேண்டும். சோப்பு மெல்லிய படலமாகத் தங்கினால் மின்சாரம் நிற்காமல் ஓடிவிடும். நீ பார்த்த அன்று நான் குடுவை உலர்வதற்காகக் காத்துக்கொண்டிருந்தேன். மருந்து தராசில் சற்றுக் குறைவாக நின்றதால் முந்தின நாள் தோட்டாக்களைப் பிரித்தேன். காத்திருக்கத் தெரிந்தவளையும் சந்தேகப்படத் தெரிந்தவளையும் புத்தி பேதலித்தவள் என்று நீ சொல்லிவிட்டு வந்திருக்கிறாய்.

என் பக்கத்திலும் ஒரு குறை உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். கல்லூரியில் இத்தனை ஆண்டு இயற்பியல் விளக்கி விளக்கிச் சலித்த வாய், வீட்டில் அரை வாக்கியத்தோடு நின்றுவிடும். "இதென்னுங்கம்மா கம்பி?" என்று நீ கேட்டபோது உன்னை உட்கார வைத்து விளக்கியிருக்கலாம். காற்றில் வருகிறது என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன். நீ இன்னொரு கேள்வி கேட்பாய் என்று நினைத்தேன். அம்மாவிடம் கேட்பதைவிட ஸ்டேஷனில் சொல்வது உனக்கு எளிதாக இருந்திருக்கிறது.

துப்பாக்கி எதற்கு இந்த வயதில் என்று உன் மனைவி ஒருமுறை கேட்டாள். பன்றிக்கு என்றேன், அவள் சிரித்தாள். நீ இங்கே வளர்ந்தவன், உனக்குத் தெரியும். ஓர் இரவு பன்றிக் கூட்டம் புகுந்தால் கடலைக் காடு உழுத வயல் போலக் கிடக்கும். வைத்து ஒரு வருடமான தென்னங்கன்றைக் குருத்தோடு பிடுங்கிப் போட்டுவிட்டுப் போகும். பஞ்சாயத்து ஆணை கொடுத்துச் சுடச் சொல்லும்போது அழைக்கப்படுகிறவர்களில் நானும் ஒருத்தி. போன கார்த்திகையில் கிழக்குத் தோட்டத்து ஆறுமுகம் தன் கடலைக்கு என்னைத்தான் கூப்பிட்டான். "ஏனுங்க புரொபசரம்மா, கண்ணு தெரியுதுங்களா?" என்று கிண்டலும் செய்தான். பன்றி விழுந்த பிறகு அதற்குப் பதில் சொன்னேன். உனக்குப் பகையெல்லாம் துப்பாக்கியின் மேல் இல்லை. துப்பாக்கி போனால் விளைச்சல் மிஞ்சாது, விளைச்சல் இல்லாத தோட்டத்தில் அம்மாவுக்கு என்ன வேலை என்று கேட்கலாம், கேட்டு என்னை உன் ஏழாம் மாடிக்குக் கூட்டிப்போகலாம். அங்கே எனக்கென்று ஒரு அறையும் ஜன்னலும் வைத்திருப்பதாகப் பேத்தி சொன்னாள். அக்கறைதான், மறுக்கவில்லை. எனக்குப் பிரியமில்லாத அக்கறையை என் முகத்துக்கு நேரே காட்டியிருந்தால் முகத்துக்கு நேரே மறுத்திருப்பேன், அதோடு முடிந்திருக்கும்.

இவ்வளவோடு நீ நிறுத்தியிருந்தால் நான் வருகிற புதன்கிழமை உரிம விசாரணைக்குப் பாலக்காட்டுக்குப் போய், உழக்கையும் கம்பியையும் அதிகாரியின் மேசைமேல் வைத்து விளக்கிவிட்டு வந்திருப்பேன். இந்தக் கடிதம் எழுதியிருக்க மாட்டேன். ஆனால் போலீஸ்காரர் கடைசியாக ஒன்று சொன்னார். இந்த வீட்டில் இது முதல் தடவையில்லை, அப்பாவும் குடித்துவிட்டு மருந்து போட மறந்துதான் விரல்களை இழந்தார் என்று நீ சொன்னாயாம். அதை அவர்கள் குறித்துக்கொண்டார்களாம். என்னைப் பற்றி நீ என்ன சொன்னாலும் பதில் சொல்ல நான் இருக்கிறேன். அவர் போய் ஆறு வருடமாயிற்று.

அவருக்கு விரல்கள் போன அந்தப் பொங்கலுக்கு நீ சிங்கப்பூரிலிருந்து வந்திருந்தாய். இந்தப் பிளாஸ்டிக் உழக்கே நீ அதற்கு முந்தைய ஆண்டு வாங்கி வந்ததுதான். அதற்குமுன் அவரிடம் இருந்தது பித்தளையில் ஒரு சின்னக் கரண்டி. அதில் எதுவும் ஒட்டியதில்லை. ஆனாலும் நீ முதல் சம்பளத்தில் வாங்கி வந்தது என்று கரண்டியைப் பரணில் போட்டுவிட்டார். வந்தவர் போனவரையெல்லாம் பின்னறைக்கு அழைத்துப்போய், "பாருங்க, என்ற பையன் வாங்கியாந்தது. உள்ள இருக்கறது வெளியவே தெரியும்" என்று பிடியைத் திருப்பித் திருப்பிக் காட்டுவார். முதல் தையிலேயே மருந்து ஒட்டத் தொடங்கியது. என்னைக் கூப்பிட்டு, "புரொபசரம்மா, உன்ற படிப்புல இதுக்கு ஏதாச்சும் இருக்குதா?" என்றார். கல்யாணமாகி அத்தனை ஆண்டுகளில் என் படிப்பை அவர் ஒரு காரியத்துக்குக் கேட்டது அதுவே முதல் முறை. கம்பியும் சோப்புத் தண்ணீரும் அன்று வந்தவை. துணி கொண்டு மட்டும் தொடக் கூடாது என்றேன். குறிப்பாக உலர்ந்த துணி. உலர்ந்த துணியால் பிளாஸ்டிக்கைத் தேய்ப்பது மின்சாரத்தை விருந்துக்கு அழைப்பதற்குச் சமம். அவர் அதை வேத வாக்காக எடுத்துக்கொண்டார். அந்த அறையில் துண்டுகூடத் தோளில் போடமாட்டார்.

மாட்டுப் பொங்கலன்று காலையில் அவர் தோட்டாக்களை நிரப்பினார். சாயங்காலம் பங்காளிகளோடு உட்கார்ந்து கள் குடித்தார். நீயும் கூட இருந்தாய். மறுநாள் விடிந்ததும் கடலைக் காட்டில் பன்றி நிற்கிறது என்று ஆள் வந்து சொன்னான். தூங்கி எழுந்த மனிதர், முகம் கழுவி, காப்பி குடித்துவிட்டுத் தெளிவாகத்தான் போனார். முதல் தோட்டா ஈரப் பட்டாசு போல 'பட்'டென்று அமுங்கி வெடித்தது. மருந்து குறைந்த தோட்டா அப்படித்தான் ஒலிக்கும். தள்ளப் பலமில்லாமல் உள்ளே வைத்த தக்கை குழலிலேயே நின்றுவிடும். அப்படி ஒலித்தால் துப்பாக்கியைப் பிரித்துக் குழலுக்குள் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்த பிறகே அடுத்ததைப் போட வேண்டும். அவருக்கு அது தெரியாததில்லை. ஆனால் பன்றி, வாய்க்காலில் மடை திருப்பிக்கொண்டிருந்த பண்ணையாள் மாரப்பனை நோக்கித் திரும்பிவிட்டது. அவர் பார்க்கவில்லை, போட்டார், சுட்டார். குழல் வெடித்தது. பன்றி ஓடிப்போனது. மாரப்பன் பிழைத்தான். உன் அப்பாவுக்கு இடது கையில் இரண்டு விரல்கள் போயின, ஒரு காதும் போயிற்று.

ஆஸ்பத்திரி வராந்தாவில் உறவுக்காரர்கள் உன்னைச் சுற்றி நின்று என்ன நடந்தது என்று கேட்டார்கள். நீ பயந்துபோயிருந்தாய், ஏதாவது சொல்ல வேண்டியிருந்தது. "நேத்துக் கள்ளுக் குடிச்சிருந்தாருங்க, மருந்து போட மறந்துட்டாராட்ட இருக்குதுங்க" என்றாய். குடித்தது மாலையில், நிரப்பியது காலையில் என்பதை நீ யோசிக்கவில்லை, கேட்டவர்களும் யோசிக்கவில்லை. பாதியைப் பார்த்துவிட்டு மீதியை இட்டு நிரப்பினாய். அது சித்தூர் தாலுக்கா முழுவதும் போய்ச் சேர்ந்தது. அதற்குப் பிறகு அவர் சாகும்வரை கள்ளைத் தொடவில்லை. திருந்திவிட்டார் என்று ஊர் பேசியது. இல்லை, பொய்க்குச் சாட்சி சேர வேண்டாம் என்றுதான் விட்டார். துப்பாக்கியையும் தொடவில்லை, புதியது வாங்கி, உரிமத்தை என் பெயருக்கு மாற்றி, சுடக் கற்றுக்கொடுத்தார். உன் சித்தப்பா மகள் கல்யாணப் பந்தி உனக்கு நினைவிருக்கும். எதிர் இலையில் இருந்த ஒரு மாப்பிள்ளை, "மாமா, பாயாசம் ஊத்துனாங்களா இல்லீங்களா? நீங்க மறந்துருவீங்களாமே" என்றான். பந்தியே சிரித்தது. அவரும் சிரித்தார். அவருக்கு அடுத்த இலையில் உட்கார்ந்திருந்த நீயும் சிரித்தாய்.

இத்தனை காலம் நான் வாயைத் திறக்காததற்கு ஒரு வாக்கு காரணம். அதன் விலை என் மௌனமாக மட்டும் இருந்தவரை கொடுத்துக்கொண்டிருந்தேன். இப்போது அரசாங்கக் காகிதத்தில் அவர் குடிகாரராகப் பதிவாகப் போகிறார், அதை எழுத வைப்பது அவர் பெற்ற பிள்ளை. புதன்கிழமை அதிகாரி என்னிடம் உன் அப்பாவின் கையைப் பற்றிக் கேட்பார். நான் உண்மையைச் சொல்வேன். அந்நியர்கள் முன்னால் நீ முதல் முறையாகக் கேட்டு நிற்க வேண்டாம் என்பதால் இங்கே சொல்கிறேன். நீ எனக்குச் செய்யாத மரியாதையை நான் உனக்குச் செய்கிறேன்.

விபத்து நடந்த அன்று மாலை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து பின்னறையைத் திறந்தேன். குடுவை பளபளவென்று இருந்தது. சோப்புப் படலத்தின் மங்கல் கொஞ்சமும் இல்லை. உள்ளே குழாய் நெடுக மருந்து மீசைபோல ஒட்டி நின்றது. மறுநாள் ஊறப்போட்ட துணிகளுக்கு நடுவே நீ சிங்கப்பூரிலிருந்து போட்டு வந்த மஞ்சள் பாலியஸ்டர் பனியனைப் பார்த்தேன். அதன் முன்பக்கக் கீழ்மடிப்பில், கையில் சுருட்டிப் பிடித்துத் தேய்த்த இடத்தில், மருந்தின் சாம்பல் நிறக் கறை. போகிப் பண்டிகைக்கு வீட்டில் எல்லாம் துடைத்தாய், சைக்கிள் கம்பிவரை. எதைக் கண்டாலும் துடைத்துப் பளபளப்பாக்குவது உன் பழக்கம், இப்போது போன் திரையைத் துடைத்துக்கொண்டிருக்கிறாயே, அதேபோல. அப்பாவுக்கு நீ வாங்கித் தந்த பொருள் மங்கலாக இருக்கிறதே என்று அதையும் துடைத்திருக்கிறாய். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. யாரையும் கேட்கவும் இல்லை.

பனியனை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு கறையைப் பார்த்தார். பனியனை என் கையிலேயே தந்துவிட்டு, "நான் குழலப் பாத்திருந்தா வெரலு இருந்திருக்கும். அவன் ஆசையாத் தொடச்சிருக்கான். அவங்கிட்டச் சொல்லாத புள்ள" என்றார். சொல்லவில்லை. கல்யாணப் பந்தியில் நீ சிரித்தபோது எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன். அவர் என் பக்கம் திரும்பி, இரண்டு விரல் இல்லாத அந்தக் கையால் தன் வாயைப் பொத்திக் காட்டினார். நீ அதைக் கவனிக்கவில்லை, பாயாசம் குடித்துக்கொண்டிருந்தாய்.